கப்பல் விருந்துக்கு இவருக்கு என்ன உடுப்பு?

நமக்கு ஒரு கவலையும் இல்லை. ஒரு பட்டுப்புடவை, ஒரு மைசூர் சில்க், இரண்டு ஜார்ஜெட். இவை பெட்டியில் இருந்தால் எந்த ராஜா வீட்டு விருந்துக்கும் போய்விடலாம். "இது சாயங்காலப் புடவையா, ராத்திரிப் புடவையா?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. கஷ்டமெல்லாம் ஆண்களுக்குத்தான்! இதை நான் தெரிந்துகொள்ள அட்லாண்டிக் சமுத்திரம் வரை போகவேண்டியிருந்தது.

எங்களுக்குப் பெண் இங்கிலாந்தில், பையன் அமெரிக்காவில். 2023 ஆகஸ்டில் பெண் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, பையனுடைய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நியூஜெர்சி போகவேண்டும். விமானத்தில் ஏறினால் எட்டு மணி நேரம். ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி அது 45ஆவது வருஷம் என்று, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து எங்களுக்குச் சொல்லாமலே கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டார்கள். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவு. கப்பல் பெயர் குவீன் மேரி 2. 2004 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய கப்பல். நீளம் 345 மீட்டர். நாங்கள் திருச்சிக்காரர்கள். எங்கள் மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். நாலு மலைக்கோட்டையைப் படுக்கவைத்தாலும் கப்பலில் இன்னும் இடம் மிச்சம் இருக்கும்!

"அப்பாவுக்குக் கோட்டு சூட்டு தைச்சு எடுத்துக்கிட்டு வாங்க" என்று பெண் மார்ச் மாதமே சொல்லிவிட்டாள். பெரியகடை வீதியில் எங்களுக்கு வழக்கமாகத் தைக்கும் டெய்லரிடம் கருநீலத்தில் தைத்தோம். தைத்தபோது கச்சிதமாகத்தான் இருந்தது. அப்புறம் இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி, டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி, தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி, ஆகஸ்டுக்குள் ஐந்து கிலோ இளைத்துவிட்டார். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் கோட்டு? கொடியில் காயப்போட்ட மாதிரித் தொங்கியது. உங்கள் வீட்டில் யாராவது வெளிநாடு போவதாக இருந்தால், கோட்டைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் தையுங்கள். உள்தையலில் துணி விடச் சொல்லுங்கள். ஆறு மாதம் முன்னதாகத் தைத்து பீரோவில் தொங்கவிடுவது வீண் வேலை.

கப்பலில் ஏறி அறைக்குள் போனதும் நான் ஜன்னல் பக்கம் ஓடினேன். இவர் மேஜைமேல் இருந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கிப்போயிற்று. வாங்கிப் பார்த்தேன். என்ன உடுத்துவது என்ற விவரம்தான்.

மாலை 6 மணி வரை உங்கள் இஷ்டம். 6 மணிக்கு மேல் பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்கு வருகிற ஆண்கள் முழுக்கால் பேண்ட்டும் காலர் வைத்த சட்டையும் போட்டிருக்கவேண்டும். கோட்டும் டையும் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், கிழிசல் ஜீன்ஸ் கூடாது. இது சாதாரண இரவுகளுக்கு. ஏழு இரவில் இரண்டு இரவு மட்டும் 'காலா' இரவு. எங்கள் பயணத்தில் மூன்றாவது இரவும் ஆறாவது இரவும். அன்றைக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது கறுப்புச் சாயலான சூட், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டையோ நீள டையோ கட்டாயம். முதல் நாளே இதை வைக்கமாட்டார்கள். பழைய காலக் கப்பல்களிலும் முதல் இரவும் கடைசி இரவும் இப்படி உடுத்துகிற வழக்கமில்லையாம். முதல் நாள் பெட்டி பிரித்திருக்காது. கடைசி நாள் பெட்டி கட்டியாகிவிட்டிருக்கும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்!

"நமக்கு அந்த மண்டபம் வேண்டாம். மேலே பஃபே இருக்கு. அங்கே யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றார் இவர்.

எனக்குத் தெரியும், இது கோட்டு தொளதொளப்பதால் வந்த பேச்சு இல்லை.

1986. எங்கள் பையனுக்கு அப்போது நாலு வயது. இவருடைய மேலதிகாரி ஓய்வு பெறுகிறார் என்று ஒரு கிளப்பில் விருந்து வைத்தார்கள். ஊரும் பேரும் வேண்டாம். பத்திரிகை கொடுத்து, "குடும்பத்தோட வந்துடணும்" என்று கூப்பிட்டிருந்தார்கள். இவரிடம் இருந்ததிலேயே நல்ல உடுப்பு கல்யாணப் பட்டு வேட்டிதான். அதைக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் சீருடை போட்ட ஆள் கையை நீட்டி மறித்தான். "வேட்டிக்கு உள்ளே அனுமதி இல்லைங்க. மேடமும் குழந்தையும் போகலாம்." உள்ளேயிருந்து இவருடன் வேலை பார்த்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் வெளியே வரவில்லை. நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்து, ஒரு ஓட்டலில் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. 2014இல் சென்னையில் ஒரு நீதிபதியையே வேட்டி கட்டியதற்காக ஒரு கிளப்பில் தடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த வருஷமே சட்டசபையில் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. அந்தச் செய்தியை மட்டும் இவர் கத்தரித்து டைரிக்குள் வைத்திருப்பதை ஒருநாள் பார்த்தேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அதனால் கப்பலிலும் வற்புறுத்தவில்லை. முதல் இரண்டு இரவும் பஃபேயில் சாப்பிட்டோம். குறை சொல்லக்கூடாது, சோறு, பருப்பு, காய்கறிக் குழம்பு எல்லாமே கிடைத்தது. ஆனாலும் மண்டபத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே தெரிகிற விளக்குகளையும் வெள்ளை மேஜைவிரிப்புகளையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிள்ளைகள் காசு கட்டி அனுப்பியிருக்கிறார்களே, ஒரு தடவையாவது உட்கார்ந்து சாப்பிடவேண்டாமா என்று மனசு அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை துணி தேய்க்கப் போனேன். கப்பல் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். தீ விபத்துப் பயம். அதற்குப் பதில் பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ள ஒரு சலவை அறை உண்டு, காசு கிடையாது. சகோதரிகளே, கப்பலில் மற்ற இடமெல்லாம் மௌனமாக இருக்கும். அந்த அறைதான் நம் தெருக்குழாயடி மாதிரி! அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஸ்காட்லாந்து அம்மாள் ஒருத்தி, கட்டம் போட்ட கம்பளித் துணியை மேஜையில் விரித்து, ஒவ்வொரு மடிப்பாக ஈரத்துணி போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உங்கள் பாவாடையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது அவள் கணவருடையது! 'கில்ட்'. ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுவது. கல்யாணம், விருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் அவர்களுக்கு முறையான உடையாம். "இதில் எட்டு கஜம் துணி இருக்கிறது. மடிப்பெல்லாம் என் தலையில்!" என்று அலுத்துக்கொண்டாள். எங்கள் ஊர் வேட்டி எட்டு முழம். அவர்களுடையது எட்டு கஜம். ஒரு கஜம் இரண்டு முழம் என்றால் அவள் கணவர் இரண்டு வேட்டியை ஒன்றாகக் கட்டுகிறார்!

"இன்றைக்கு ராத்திரி இதோடு மண்டபத்துக்குள் விடுவார்களா?" என்று கேட்டேன்.

"ஏன் விடமாட்டார்கள்? தாளைச் சரியாகப் படிக்கவில்லையா? அவரவர் நாட்டு உடையும் போடலாம் என்று இருக்கிறதே!"

எனக்கு இஸ்திரி போடவே ஓடவில்லை. அறைக்குப் போய்த் தாளை எடுத்துப் பார்த்தால், ஆமாம், டின்னர் ஜாக்கெட், சூட் எல்லாம் சொல்லிவிட்டு, முறையான தேசிய உடையும் ராணுவச் சீருடையும் ஏற்கப்படும் என்று இருக்கிறது! இவர் மேல்பாதியைப் படித்துவிட்டுக் கீழே வைத்திருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு என்று சேலம் வெண்பட்டு வேட்டி ஒன்று என் புடவைகளுக்கு அடியில் இருந்தது. இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. கைபேசியில் பெண் கல்யாணத்தில் இவர் பட்டு வேட்டியோடு நிற்கிற படத்தை எடுத்துக்கொண்டு, வரவேற்பு மேஜைக்கே போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அங்கிருந்த பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தாராளமாக வரலாம், மிக அழகாக இருக்கிறது" என்றாள்.

இவரிடம் சொன்னேன். பதில் வர நேரமாயிற்று.

"சொல்லுவாங்க. வாசல்ல நிக்கிறது வேற ஆளா இருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டு வேட்டியைத் தேய்த்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு, என் புடவைக்கு ரவிக்கை எடுக்க ஆரம்பித்தேன். ஐந்தரை மணிக்குத் திரும்பிப் பார்த்தால், இவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

கப்பலில் வேட்டி கட்டுவதற்குச் சில யோசனைகள் சொல்லவேண்டும். தரை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். இடுப்பில் பெல்ட் அவசியம். வெல்க்ரோ ஒட்டு வேட்டியானால் இன்னும் நிம்மதி. உள்ளே கால்சட்டை கட்டாயம், ஏனென்றால் மேல்தளத்துக் காற்று நம் காவேரிக் கரைக் காற்று இல்லை! விருந்துக்குப் போகும்போது கப்பலின் உள்வழியாகவே போய்விடுங்கள். ரப்பர் செருப்பு ஆகாது. பின்வார் வைத்த தோல் செருப்பு போட்டால் மரியாதைக்கும் மரியாதை, வழுக்காமலும் இருக்கும். சட்டை முழுக்கை. மண்டபத்துக்குள் குளிர்சாதனக் குளிர் எலும்பைத் தொடும் என்பதால் உள்ளே ஒரு பனியன். முக்கியமாக, படியேறும்போது பழக்க தோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிவிடப் போகிறார்கள்! மடித்துக் கட்டினால் அது அரைக்கால் சட்டை கணக்கில் சேர்ந்துவிடுமே! இரண்டு தடவை இவர் கை அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு தடவையும் கிள்ளினேன்.

மண்டப வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். பத்தடி தூரத்தில் இவர் நடை மெதுவாயிற்று. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். மறுபடி சரிசெய்தார். என் நெஞ்சு படபடவென்று அடித்தது. 37 வருஷத்துக்கு முந்தைய அந்தக் கை நீண்டது அப்படியே கண்முன் வந்தது.

"குட் ஈவினிங் சார், குட் ஈவினிங் மேடம்." அவ்வளவுதான். எங்கள் மேஜை எண்ணைக் கேட்டார்கள். ஒருவர் முன்னால் நடந்து கூட்டிக்கொண்டு போய் நாற்காலியை இழுத்துப்போட்டார். இவர் உட்கார்ந்ததும் தண்ணீர்க் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகுதான் சுற்றிலும் பார்க்க முடிந்தது. அன்றைக்குக் கறுப்பு வெள்ளை இரவு என்று பெயர். பெண்களும் அந்த நிறத்திலேயே வந்திருந்தார்கள். நானோ அரக்குப் பட்டில்! யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஆண்களில் பெரும்பாலோர் டின்னர் ஜாக்கெட்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணக் கறுப்புக் கோட்டு மாதிரி இருக்கும். கிட்டப் போனால் மார்பு மடிப்பில் பட்டு பளபளக்கும். பேண்ட்டின் பக்கத் தையல் நெடுகப் பட்டுப் பட்டி ஓடும். 1865இல், அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்ட், வால் வைத்த நீளக் கோட்டு வேண்டாம் என்று குட்டையாக ஒன்று தைக்கச் சொன்னதிலிருந்து இது வந்ததாக அதைத் தைத்த லண்டன் கடையின் வரலாறு சொல்கிறது. அமெரிக்கர்கள் இதை 'டக்ஸிடோ' என்பது நியூயார்க் அருகே உள்ள ஓர் ஊரின் பெயரால். சிலர் இடுப்பில் கொசுவம் வைத்த பட்டுக் கச்சை கட்டியிருந்தார்கள். அதன் பெயர் 'கமர்பண்ட்'. கமர் என்றால் இடுப்பு, பந்த் என்றால் கட்டு. பாரசீகச் சொல். நம் ஊர் வெயிலில் கோட்டுக்குள் வெயிஸ்ட்கோட்டும் போடமுடியாமல் தவித்த வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே பார்த்துப் பழகி எடுத்துக்கொண்டு போனது. இதைச் சொன்னதும் இவர், "அப்போ நம்ம கச்சையைக் கட்டிக்கிட்டு நம்ம வேட்டியை உள்ள விடமாட்டேன்னானா?" என்றார். 37 வருஷத்தில் அந்த விஷயத்தைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

சிவப்புக் கட்டம் போட்ட கில்ட்டில் அந்த ஸ்காட்லாந்துக்காரர் எங்கள் மேஜையைத் தாண்டிப் போகும்போது நின்று, இவர் வேட்டியைப் பார்த்து, தன் கில்ட்டைத் தொட்டுக்காட்டித் தலையைக் குனிந்தார். இவரும் எழுந்து நின்று கும்பிட்டார்.

சாப்பாட்டு விஷயம் ஒரு வார்த்தை. மண்டபத்தில் இரண்டு பந்தி, 6 மணிக்கும் எட்டரைக்கும். சர்க்கரைக்காரர்கள் முதல் பந்தியையே முன்கூட்டி எழுதி வாங்குங்கள். சைவம் என்று சொல்லிவிட்டால் தலைமைப் பரிசாரகர் மறுநாள் பட்டியலை முதல் நாளே காட்டிக் கேட்டுக்கொள்கிறார். இன்னொன்று, மேற்கே போகும்போது ஏழில் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். மாத்திரை, இன்சுலின் வேளையை எப்படி மாற்றிக்கொள்வது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாக் கப்பலிலும் இவ்வளவு சட்டம் கிடையாது. நார்வீஜியன் கம்பெனி 2000ஆம் வருஷத்திலிருந்தே இந்தக் கட்டாயங்களைத் தளர்த்திவிட்டது. டிக்கெட் வாங்கும்போதே உடை விவரத்தைக் கடைசி வரி வரை படிப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரே ஒரு கோட்டு எடுத்துப்போவதானால் என் ஓட்டு கழுத்துவரை பொத்தான் வைத்த கறுப்பு ஜோத்பூரிக்குத்தான். டை கட்டும் தொல்லையே இல்லை; ஊர் திரும்பினால் கல்யாண வரவேற்புக்கும் ஆகும்.

ஆறாவது நாள் இரண்டாவது காலா இரவு. நான் வேட்டியைத் தேய்க்க எடுத்தேன்.

"அந்தக் கோட்டை எடேன்" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏங்க, வேட்டிதான் நல்லா இருந்துச்சே!"

"இருக்கட்டும். பையன் வேற காசு அனுப்பித் தைச்சது. இன்னிக்கு எனக்கே போடணும்னு இருக்கு."

மளமளவென்று கோட்டின் பொத்தானை ஓர் அங்குலம் தள்ளித் தைத்தேன். பேண்ட்டின் இடுப்பை உள்பக்கம் பிடித்து ஊசித் தையல் போட்டேன். எல்லாம் முடிந்து டையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். அப்புறம்தான் வெளிவந்தது விஷயம்: இவருக்கு டை கட்டத் தெரியாது! ஆபீஸ் குரூப் போட்டோவுக்கு எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் டைதான் போட்டிருக்கிறார். 45 வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியாத சங்கதி. கிளப்புக்கு அன்றைக்கு வேட்டி கட்டிப் போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

நேராக ஸ்காட்லாந்துக்காரர் அறைக் கதவைத் தட்டினோம். அவர் இவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, பின்னால் நின்றுகொண்டு, பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வது போல மூன்று தடவை கட்டி அவிழ்த்துக் காட்டினார். அகல முனை நீளமாக, குறுகலின் மேலே சுற்றி, அடியில் போய், மறுபடி மேலே சுற்றி, கழுத்து வழியாக ஏற்றி, முன்னால் உள்ள வளையத்துக்குள் இறக்கி இழு. நாலாவது தடவை இவரே கட்டினார். கொஞ்சம் கோணல்தான். நான் திருத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

எட்டாம் நாள் விடியுமுன் எழுப்பிவிட்டார்கள். கப்பல் வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழையும்போது புகைபோக்கி இடித்துவிடும் போலவே இருக்கிறது. மேல்தளத்தில் அத்தனை பேரும் தலையைக் குனிந்தோம்! சுதந்திர தேவி சிலை மங்கலாகத் தெரிந்தது. இவர் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக நின்று பார்த்தார். அதற்கு மட்டும் யாரும் சட்டம் போடவில்லை.

புரூக்லின் துறைமுகத்தில் பையன் காத்திருந்தான். காரில் ஏறியதும் ஆசையோடு படங்களைக் காட்டினேன். ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன், மண்டபத்தில் பட்டு வேட்டியோடு அப்பா உட்கார்ந்திருக்கிற படத்தில் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வேட்டியோட உள்ள விட்டாங்களாப்பா?"

நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப்போகிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். நான் இவரைப் பார்த்தேன். இவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நாற்காலியே இழுத்துப்போட்டாங்கடா" என்றார். "சரி, இங்க நல்ல காபி எங்க கிடைக்கும்?"